ஞாயிறு கணக்கில் வராது

டிப்போவில் அவருக்கு சைரன் என்று பெயர். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று உண்டு, சம்பளச் சீட்டில் அது அச்சாகி வரும், மற்றபடி அந்தப் பெயருக்கு வேலையே இல்லை. இருபத்தாறு வருடமாகப் பேருந்து ஓட்டுகிறவர். ஒரு விபத்து கிடையாது, வண்டியில் ஒரு கீறல் கிடையாது. ஆனால் அவர் போகும் சாலையில் குடியிருக்கிறவர்கள் அலாரம் வைத்துப் படுத்ததும் கிடையாது. காலை முதல் வண்டி மார்க்கெட் திருப்பத்துக்கு வரும்போது ஹாரனில் கை வைப்பார். எடுக்க வேண்டுமே! அடுத்த திருப்பத்தில்தான் எடுப்பார்.

ஹாரன் பாதி, வாய் பாதி. குறுக்கே வந்த ஸ்கூட்டர்காரனை ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி அவர் விசாரிக்கிற விசாரிப்பில், அவனுடைய தாத்தா பாட்டி வரைக்கும் தலைகுனிய வேண்டியிருக்கும். வீட்டிலும் இதே கதைதான். உப்புக் குறைந்தால் ஒரு சத்தம், செய்தித்தாள் தாமதமானால் ஒரு சத்தம். கெட்ட மனுஷன் இல்லை. யாரையும் கைநீட்டி அடித்ததில்லை, குடித்ததில்லை, ஞாயிறு பூசைக்குத் தவறியதில்லை. "மனசுல ஒண்ணும் வச்சுக்க மாட்டேன், அப்படியே கொட்டிடுவேன்" என்று தன்னைப் பற்றித் தானே பெருமையாகச் சொல்லிக்கொள்வார். கொட்டுகிறவருக்கு என்ன, பின்னாலேயே துடைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கல்லவா தெரியும்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு மகள் வந்திருந்தாள், மூன்று வயதுக் குழந்தையோடு. சாப்பாட்டு மேசையில் குழந்தை டம்ளரைத் தட்டிவிட்டது. தண்ணீர் தாத்தாவின் புதுக் கைப்பேசி மேல் கொட்டியது. அவர் போட்ட சத்தத்தில் குழந்தை நாற்காலியிலிருந்து வழுக்கி இறங்கி, அறைக்குள் ஓடி, கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டது. இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, சுவரோடு ஒட்டிக்கொண்டு, ஒரு மணி நேரம் வெளியே வரவில்லை. வந்தபோது கவுன் நனைந்திருந்தது. கைப்பேசிக்கு ஒன்றும் ஆகவில்லை, துடைத்ததும் வேலை செய்தது.

மகள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும், சண்டையில் கைதேர்ந்தவர். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "அப்பா, உங்க சத்தத்தைக் கேட்டாலே இவளுக்கு நடுங்குது. அது அடங்குற வரைக்கும் இவளை இங்க கூட்டிட்டு வரமாட்டேன். கோவிச்சுக்காதீங்க" என்றாள். அவ்வளவுதான். ஜனவரி போனது, பிப்ரவரியும் போகப் பார்த்தது. "வராட்டா போகட்டும்" என்று அவர் வீறாப்பாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் மனைவி தினமும் பார்த்தாள். அதே கைப்பேசியில் பேத்தியின் படத்தைத் திறப்பார், மூடுவார், மறுபடி திறப்பார்.

ஈஸ்டர் வரைக்கும் நீளும் தவக்காலம் சாம்பல் புதனில் தொடங்கும். அதற்கு முந்தின நாள், பாவங்களைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். அங்கே என்ன பேசப்படுகிறது என்பது ஆண்டவருக்கும் சாமியாருக்கும் மட்டும் தெரிய வேண்டிய விஷயம். நமக்கு எப்படித் தெரிந்தது என்றால், அவர் கிசுகிசுத்தார். அவருடைய கிசுகிசு, வெளியே வரிசையில் நின்ற ஒன்பது பேருக்கும் கணீரென்று கேட்டது. மூன்றாவதாக நின்ற மனைவி முக்காட்டை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"போன வருஷம் மாதிரியே இந்தத் தவக்காலமும் கறி, மீன், டீ மூணையும் விட்டுடறேன் சாமி."

பங்குச் சாமியார் மெல்லப் பேசுகிறவர். ஆனாலும் ஒன்பது பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றதால் அவர் சொன்னதும் கேட்டது. "கறியை விட்டுடுவீங்க, சரி. மனுஷங்களைக் கடிக்கிறதை எப்ப விடுவீங்க?"

"சாமி?"

"இந்த வருஷம் டீயைக் குடிங்க. ஹாரனை விடுங்க. யார் உயிருக்காவது ஆபத்துன்னா அடிக்கலாம். கோபத்துக்கு அடிக்கக் கூடாது, கத்தவும் கூடாது. முடியுமா பாருங்க."

வரிசையில் யாரோ இருமினார்கள். பிறகு, "நாற்பது நாள்தானே சாமி, இருந்துட்டுப் போறேன்" என்று குரல் வந்தது.

மனைவி அன்றைக்கே மகளைக் கூப்பிட்டுச் சொன்னாள். "யாரு, அப்பாவா? ஹாரன் இல்லாமலா?" என்று மகள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அந்த நாற்பது நாளும் சொன்னபடி இருந்துட்டார்னா ஈஸ்டருக்கு மூணு பேரும் வர்றோம். இல்லைன்னா வேணாம்மா, குழந்தை பாவம்" என்றாள். மனைவி அதை ஒரு வார்த்தை குறையாமல் அவரிடம் ஒப்பித்தாள். அன்றைக்கு அவர் உப்பைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை.

மனைவி தன் பழைய ஊதா ரவிக்கையை வெட்டி, ஸ்டியரிங் நடுவில் ஹாரனை மூடிக் கட்ட ஒரு உறை தைத்துக் கொடுத்தாள். தவக்காலத்தின் கடைசி நாட்களில் கோயிலில் புனிதர்களின் சுரூபங்களை ஊதாத் துணியால் மூடி வைப்பார்களே, அந்த மாதிரி. கண்டக்டருக்குக் கோயில் வழக்கமெல்லாம் தெரியாது. "என்னண்ணே, ஹாரனுக்குச் சளி பிடிச்சிருக்கா?" என்று கேட்டார்.

"விரதம்" என்றார் சைரன், பல்லைக் கடித்துக்கொண்டு.

முதல் வாரம் உயிர் போய் உயிர் வந்தது. கை தானாக எழும்பும், துணியைத் தொடும், சுட்டுக்கொண்டது போலத் திரும்பி வரும். கத்த வேண்டிய இடத்தில் கத்தாமல் விழுங்கியதில் மூன்றாம் நாளே தொண்டை கட்டிக்கொண்டது. கத்தியே கட்டாத தொண்டை, கத்தாமல் கட்டிக்கொண்ட அதிசயத்தைக் கண்டக்டர் டிப்போ முழுக்கச் சொல்லிச் சிரித்தார். தினமும் வேலை முடிந்ததும், வேகமானிக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியில் பேனாவால் ஒரு கோடு போடுவார். வேலை நாளுக்கும் கோடு, விடுப்பு நாளுக்கும் மறுநாள் வந்து கோடு, ஞாயிற்றுக்கும் கோடு. இந்த ஞாயிற்றுக் கோடுகளைக் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள். வம்பு அங்கிருந்துதான் வந்தது.

மூன்றாம் வாரத்தில் ஒரு டாக்ஸிக்காரர் நட்டநடுச் சாலையில் வண்டியை நிறுத்திவிட்டு சாவகாசமாகக் கடைக்குள் போனார். நான்கு நிமிடம் ஆயிற்று. பின்னால் இருந்த வண்டியெல்லாம் அலறியது. பேருந்துக்குள் பயணிகள் கொதித்தார்கள். "யோவ் டிரைவர், கையில என்ன பக்கவாதமா? அடிய்யா ஹாரனை!" என்று ஒருவர் முன்னால் வந்து தானே அழுத்தக் கை நீட்டினார். சைரன் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தார். "ஐயா, தொடாதீங்க. புண்ணியமாப் போகும்." பிறகு இறங்கி நடந்து போய், கடைவாசலில் நின்று, "தம்பி, வண்டியைக் கொஞ்சம் ஓரமா விடறீங்களா?" என்று கேட்டார். இவரை அந்தச் சாலையில் எல்லோருக்கும் தெரியும். இவர் மெதுவாகப் பேசுகிறார் என்றால் ஏதோ பெரிதாக வரப்போகிறது என்று டாக்ஸிக்காரர் பயந்துபோய், மீதிச் சில்லறையைக்கூட வாங்காமல் ஓடி வந்து வண்டியை எடுத்தார்.

சத்தம் நின்றபின் அவருக்குச் சில விஷயங்கள் கண்ணில் பட்டன. மூன்றாவது நிறுத்தத்தில் ஒரு நர்ஸ் தினமும் ஓடிவந்து ஏறுவார். இத்தனை காலமும் அவரை ஹாரன் அடித்தே விரட்டி ஏற்றியிருக்கிறார். இப்போது சும்மா காத்திருந்தபோது எண்ணிப் பார்த்தார். பதினோரு வினாடி. பதினோரு வினாடிக்காகவா இத்தனை வருடம் அப்படி அலறினோம் என்று அவருக்கே வெட்கமாக இருந்தது. நர்ஸ் ஏறும்போது, "நன்றிங்க" என்றார். நன்றியை வாங்கி எங்கே வைப்பது என்று தெரியாமல் சைரன் கண்ணாடியைச் சரிசெய்தார்.

ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறான குருத்து ஞாயிறு அன்று வேலை முடிந்ததும் கோட்டை எண்ணினார். நாற்பது. சந்தேகமாக இருந்தது, இன்னொரு தடவை எண்ணினார். நாற்பதேதான். இத்தனை வருடமும் ஈஸ்டர் வந்தால் தவக்காலம் முடிந்தது, அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். உட்கார்ந்து எண்ண வேண்டிவந்தது இந்த வருடம்தான். 'சாமியாரிடம் நாற்பது என்று சொன்னோம், நாற்பது இருந்து காட்டினோம்' என்று நெஞ்சு நிமிர்ந்தது. வீட்டில் சொல்லவில்லை. மகள் வரும் அன்று எல்லோர் முன்னாலும் அந்தப் பிளாஸ்திரியைக் காட்டி அசத்த வேண்டும் என்று வைத்திருந்தார்.

திங்கட்கிழமை காலை உறையைக் கழற்றிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு வண்டியை எடுத்தார்.

பள்ளிக்கூடச் சிக்னலில் பச்சை விழுந்தது. முன்னால் நின்ற சின்னக் கார் நகரவில்லை. ஒரு வினாடி, இரண்டு வினாடி. நாற்பது நாள் விழுங்கியதெல்லாம் உள்ளங்கைக்கு வந்துவிட்டது. அழுத்தினார். உடம்புப் பாரம் மொத்தத்தையும் ஹாரனில் வைத்து அழுத்திப் பிடித்தார். தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, "தூங்குறதுக்கு ரோடுதான் கிடைச்சுதா? ஓட்டத் தெரியாட்டா எதுக்கு..." என்று ஆரம்பித்தார். அப்பாடா என்று இருந்தது, மறுப்பதற்கில்லை.

காரின் பின்கண்ணாடியில் ஒரு சின்ன முகம் திரும்பியது. நான்கு வயது இருக்கும். அழவில்லை. இரண்டு கையையும் தூக்கிக் காதைப் பொத்திக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, சீட்டுக்குக் கீழே கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்து மறைந்துபோனது.

கிறிஸ்துமஸ் அன்று கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தது மனைவியும் மகளும்தான். அவர் மேசையில் உட்கார்ந்து கைப்பேசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். இப்போதுதான் பார்த்தார்.

கார் போய்விட்டது. சிக்னல் மறுபடி சிவப்பாகி, மறுபடி பச்சையும் ஆனது. பேருந்து நகரவில்லை. "என்னண்ணே, விரதம் முடிஞ்சுதா?" என்று கண்டக்டர் வந்து கேட்டார். சைரன் கியரைப் போட்டு வண்டியை எடுத்தார்.

மதியம் வீட்டுக்கு வந்தார். சட்டைப்பையிலிருந்து எட்டிப்பார்த்த ஊதாத் துணி மனைவியின் கண்ணுக்குத் தப்பவில்லை.

"ஏங்க, இதை ஏன் கழட்டினீங்க?"

"நாற்பது முடிஞ்சுது."

"யாரு சொன்னா? ஞாயிறு கணக்குல வராதுங்க. அது ஆண்டவர் உயிர்த்த நாளு. சாம்பல் புதன்ல இருந்து பெரிய சனி வரைக்கும் எண்ணினா நாற்பத்தாறு. ஆறு ஞாயிறைக் கழிச்சாத்தான் நாற்பது. இன்னிக்கு முப்பத்தஞ்சாம் நாள்." சொல்லிக்கொண்டே வந்தவள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். "அடிச்சிட்டீங்களா?"

அவர் எழுந்து நேராகக் கோயிலுக்குப் போனார். பீடத்துக்குப் பக்கத்து அறையில் சாமியார் பெரிய வெள்ளிக்கான திருவுடைகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். சைரன் வாசலிலேயே வழக்கைத் தொடங்கினார். ஞாயிறு சேராது என்றால், அந்த ஞாயிறுகளில் அவர் அடித்திருக்கலாம், அடிக்கவில்லை. ஆறு ஞாயிறு கையில் உபரியாக நிற்கிறது. அதை இந்த வாரத்துக்கு ஈடுகட்டிக்கொண்டால் நாற்பது சரியாக வருகிறதா இல்லையா? வக்கீல் தோற்றார், அப்படி ஒரு வாதம்.

சாமியார் பொறுமையாகக் கேட்டார். "கணக்கு சரியாத்தான் இருக்கு. அப்ப எதுக்கு இந்த வெயில்ல என்கிட்ட வந்தீங்க?"

சைரன், "ஒரு குழந்தை காதைப் பொத்திக்கிச்சு சாமி" என்றார். இந்தத் தடவை வெளியே யாருக்கும் கேட்கவில்லை. சாமியாரே ஒரு எட்டு முன்னால் வந்துதான் கேட்க வேண்டியிருந்தது.

"ஐயா, வெள்ளிக்கிழமை தவறாம சிலுவைப்பாதைக்கு வர்றீங்க. ஆண்டவர் சிலுவையோட எத்தனை தடவை விழுந்தார்?"

"மூணு தடவை."

"விழுந்த இடத்துல உக்காந்துக்கிட்டு, இதுவரைக்கும் சுமந்ததே போதும்னு கணக்குப் போட்டாரா?"

சைரன் கண்ணைத் துடைத்துக்கொண்டார், அதை மறைக்கவும் இல்லை.

"எந்திரிச்சு நடங்க. இன்னும் ஆறு நாள் பாக்கி இருக்கு" என்றார் சாமியார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி சொன்னாள், "நான் மககிட்ட சொல்லப்போறதில்லை. அவளாத் தெரிஞ்சுக்கவும் வழியில்லை. உங்க இஷ்டம்." உண்மைதான். கண்டக்டருக்கு மகளைத் தெரியாது, சாமியார் சொல்லமாட்டார். வாயை மூடிக்கொண்டு இருந்தால் ஞாயிற்றுக்கிழமை பேத்தி இந்த வாசலில் வந்து நிற்பாள். நாற்பது நாளாக வாயை மூடப் பழகியிருக்கிறார் வேறு. திறந்தால் போய்விடும். அவர் கைப்பேசியை எடுத்தார், பேத்தியின் படத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டார், மகளைக் கூப்பிட்டார்.

"அம்மாடி, நான் தோத்துட்டேன். இன்னிக்குக் காலைல ஹாரன் அடிச்சேன். கத்தவும் செஞ்சேன். ஒரு குழந்தை பயந்து காதைப் பொத்திக்கிட்டு ஒளிஞ்சுது." மூச்சு வாங்கிக்கொண்டார். "அன்னிக்கு நம்ம பாப்பாவும் அப்படித்தானே இருந்திருப்பா. நான் குனிஞ்சுகூடப் பார்க்கலே. தப்பு என்னோடதும்மா. பாப்பாகிட்டயும் சொல்லிடு."

முப்பத்தொரு வயது மகள், அப்பா வாயிலிருந்து 'தப்பு என்னோடது' என்ற வார்த்தையை முதல் தடவையாகக் கேட்கிறாள்.

"அப்பா, அழறீங்களா?"

"இல்லே, டீ குடிக்கிறேன்."

"யோசிச்சுச் சொல்றேன்ப்பா" என்று வைத்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை உறை மறுபடி ஹாரனில் ஏறியது. பழைய பிளாஸ்திரியைக் கிழித்துப் போட்டார். இனி கணக்கு வேண்டாம் என்று புதிதாக ஒன்றை ஒட்டவில்லை. செவ்வாய் போனது, மகள் கூப்பிடவில்லை. புதன், பெரிய வியாழன். பெரிய வெள்ளியன்று ஒரு மோட்டார் சைக்கிள்காரன் பக்கக் கண்ணாடியை உரசிவிட்டுத் திரும்பிப் பார்த்து இவரையே முறைத்தான். சைரன் கையைக் காட்டிப் போகச் சொன்னார். அடக்கிக்கொள்ள வேண்டிய கோபம் உள்ளே இருக்கிறதா என்று தேடிப் பார்த்தார், முன்பு இருந்த அளவுக்கு இல்லை. அதைவிடப் பெரிய பயம் ஒன்று உள்ளே உட்கார்ந்திருந்தது. சனிக்கிழமையும் மகள் கூப்பிடவில்லை.

ஈஸ்டர் காலைப் பூசைக்குக் கோயில் நிரம்பி வழிந்தது. சைரன் அரைமணி நேரம் முன்னதாகவே போய், தன் பெஞ்சில் மூன்று பேருக்கு இடம் பிடித்து வைத்திருந்தார். ஒவ்வொருவராக வந்து கேட்டார்கள். "ஆள் வர்றாங்களா?" என்று கேட்டவர்களிடம் என்ன சொல்வது? "வரலாங்க" என்றார். கடைசியில் தடியை ஊன்றிக்கொண்டு வந்த ஒருவருக்கு ஒரு இடத்தைக் கொடுத்தார். கைக்குழந்தைக்காரிக்கு இன்னொன்றைக் கொடுத்தார். மனைவி பார்த்தும் பார்க்காதது போல ஜெபப் புத்தகத்தைப் புரட்டினாள். ஒரே ஒரு இடம் மிச்சம் இருந்தது.

சாமியார் வெள்ளை உடையில் பீடத்துக்கு வந்தார். தவக்காலத்து ஞாயிறுகளில் பாடாமல் விட்டிருந்த வானவர் கீதத்தை எடுத்தார். பீடத்து மணி, கோபுரத்து மணி எல்லாம் ஒன்றாக அடித்தன. பாடகர் குழு எழுந்தது, கோயிலே எழுந்தது. சைரனுக்கு உடம்பு சிலிர்த்தது. மகள் வரவில்லை, பேத்தி வரவில்லை, நெஞ்சு வலித்தது, ஆனாலும் ஆண்டவர் எழுந்துவிட்டார். மூன்று தடவை விழுந்தவர் எழுந்துவிட்டார். இதற்கு வாயைத் திறக்காமல் வேறு எதற்குத் திறப்பது? திறந்தார். அடைத்து வைத்திருந்த குரல் அத்தனையும் வெளியே வந்தது. மணிச் சத்தத்துக்கு மேலே, பாடகர் குழுவுக்கு மேலே, கூரை வரைக்கும் போனது. தடி ஊன்றியவர் திரும்பிப் பார்த்தார். எதிர்வரிசையில் ஒருவர் புன்னகைத்தார். அந்தக் குரலைக் கொடுத்தவர் இதற்கென்றுதான் கொடுத்திருப்பார் போல.

மனைவி அவருடைய முழங்கையைத் தொட்டாள்.

பெஞ்சின் ஓரத்தில் மகள் நின்றுகொண்டிருந்தாள், பின்னால் மருமகன். மகளின் இடுப்பில் குழந்தை. அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் பாட்டின் நடுவில் வாயை டக்கென்று மூடிக்கொண்டார். இத்தனை பாடுபட்டும், கடைசியில் வந்த நேரத்தில் நம் சத்தம்தானா இதன் காதில் விழ வேண்டும்?

குழந்தையின் இரண்டு கையும் உயர்ந்தன. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

கழுத்தில் ஏதோ பட்டது. குழந்தை அம்மாவின் இடுப்பிலிருந்து முழு உடம்பையும் சாய்த்து, அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அவருடைய வாயை உன்னிப்பாகப் பார்த்தது. ஏன் நின்றுவிட்டது என்று தெரியாமல் அதன் நெற்றி சுருங்கியது.

"தாத்தா, இன்னும் பாடு."

மகள் அழுதுகொண்டே சிரித்தாள். "பாடுங்கப்பா" என்றாள்.

அவர் பேத்தியைத் தூக்கித் தோளில் உட்கார வைத்துக்கொண்டு, பாட்டு எந்த வரிக்குப் போயிருக்கிறது என்றுகூடப் பார்க்காமல், முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார்.